ஃபனல் தப்பான இடத்தில் இருக்கிறது

லண்டன் நேஷனல் கேலரியின் 34ஆம் அறையில் நின்றுகொண்டு நான் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். ஃபனல் என்றால் நீராவிக் கப்பலின் புகைபோக்கி. கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. முப்பத்தைந்து வருஷம் இன்ஜின் ரூமில் கத்திக் கத்திப் பேசியவனுக்கு மெதுவாகப் பேசுவது இன்னும் கைவரவில்லை. வலது காது வேறு பாதிதான் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார். மகள் என் முழங்கையைப் பிடித்து, "அப்பா, இது டிரை டாக் இல்ல. மெதுவா" என்றாள்.

போன செப்டம்பரில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். போன அன்றைக்கே கையில் ஒரு 20 பவுண்டு நோட்டைத் திணித்து, "வெளிய போனா டீ குடிக்க வெச்சுக்கோங்க" என்றாள். நோட்டைத் திருப்பினால் ஒரு ஓவியரின் முகம், அவருக்குப் பின்னால் ஒரு பாய்மரக் கப்பல். ரூபாய் நோட்டில் கப்பலைப் போடுகிற ஊர் நல்ல ஊராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓவியர் பெயர் டர்னர், கப்பலின் பெயர் டெமரேர், அசல் படம் நேஷனல் கேலரியில் இருக்கிறது, உள்ளே போகக் காசு கிடையாது என்று அவள் சொன்னாள். கடைசி விவரம்தான் என்னைக் கிளப்பியது.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அகலம் நாலடி, உயரம் மூன்றடி, அவ்வளவுதான். இடது பக்கம் உயரமான மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல். கழுவிக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெளிறிப்போய் நிற்கிறது. அதற்கு முன்னால், அதை இழுத்துக்கொண்டு வரும் குள்ளமான கறுப்பு நீராவிப் படகு. இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், உயரமான ஃபனல், ஃபனல் வாயில் நெருப்பும் புகையும். வலது பக்கம் முழுக்கச் சூரியன் மறைகிறது. சூரியனைச் சுற்றிப் பெயிண்டை அப்படியே அப்பி வைத்திருக்கிறார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேடு தெரிகிறது. தண்ணீர் எண்ணெய் கொட்டியது மாதிரி அசையாமல் கிடக்கிறது. வைத்த பெயர் ரொம்ப நீளம்: சண்டைக்காரன் டெமரேர், உடைபடுவதற்காகத் தன் கடைசித் துறைக்கு இழுத்துச் செல்லப்படுகிறது, 1838.

என் புகார் இந்த இழுவைப் படகைப் பற்றியது. அந்தக் காலத்து நீராவிப் படகில் பாய்மரம் முன்னால் இருக்கும், பாய்லரும் ஃபனலும் அதற்குப் பின்னால், நடுவில். டர்னர் ஃபனலைத் தூக்கி முன்னால் அணியத்துப் பக்கம் வைத்து, மரத்தைப் பின்னால் தள்ளிவிட்டார். பாய்லர் எங்கே உட்காரும்? எடை எங்கே போகும்? இப்படி ஒரு படகு ஓடினால் மூக்குக் குப்புறத்தான் ஓடும்.

அன்றைக்கு ராத்திரி மகள் வீட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான், ஃபனல் சின்னத் தப்பு என்று தெரிந்தது. பெரிய தப்புகள் வேறே இருக்கின்றன.

டெமரேர் 1798இல் சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் இறக்கப்பட்ட, 98 பீரங்கிகள் கொண்ட கப்பல். 1805 அக்டோபர் 21ஆம் தேதி பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகளோடு நடந்த டிரஃபால்கர் சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி என்ற கப்பலுக்கு அடுத்தபடியாகப் பின்னால் வந்தது இதுதான். விக்டரி ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு சிக்கிக்கொண்டு திணறியபோது குறுக்கே புகுந்து காப்பாற்றிய கப்பல். அந்தப் பெயர் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அதற்குக் கிடைத்த வேலையெல்லாம் கௌரவமான வேலை இல்லை. சிறைக்கைதிகளை அடைத்து வைக்கும் மிதக்கும் ஜெயில், கடற்படையில் புதிதாகச் சேர்கிறவர்களைத் தங்கவைக்கும் இடம், சரக்குக் கிடங்கு. கடைசியில் 1838 ஆகஸ்டில் 5,530 பவுண்டுக்கு ஏலம் போனது. வாங்கியவர் லண்டனின் ராதர்ஹித்தில் கப்பல் உடைக்கும் வியாபாரி ஜான் பீட்சன். செப்டம்பர் 5, 6 தேதிகளில் தேம்ஸ் முகத்துவாரத்தில் இருக்கும் ஷீர்னெஸ்ஸிலிருந்து ஆற்றின் மேல்நோக்கி ராதர்ஹித்துக்கு இழுத்து வந்தார்கள்.

இழுத்தது ஒரு படகு இல்லை, இரண்டு. சாம்சன், லண்டன் என்று அவற்றின் பெயர்கள். இவ்வளவு பெரிய உடலை ஆற்று வளைவுகளில் ஒற்றைப் படகால் இழுப்பதாவது! அப்புறம், அந்த மூன்று மரங்கள். ஷீர்னெஸ்ஸிலேயே கடற்படை எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் கப்பலை விற்றது. மரம், பாய், கயிறு, பீரங்கி ஒன்றும் கிடையாது. ராதர்ஹித்தில் போய்ச் சேர்ந்த அதே மாதம் வரையப்பட்ட படம் ஒன்று இருக்கிறது, அதில் டெமரேர் மொட்டையாக, ஒரு பெரிய மரப்பெட்டி மாதிரி சேற்றில் குந்தியிருக்கிறது.

அதற்கு மேல் சூரியன். ஷீர்னெஸ் கிழக்கே, ராதர்ஹித் மேற்கே. கப்பல் மேற்கு நோக்கி வருகிறது. மாலைச் சூரியன் அதன் முகத்தில் அடிக்க வேண்டும். படத்தில் சூரியன் கப்பலுக்குப் பின்னால் மறைகிறது. அதாவது கப்பல் கிழக்கே, திரும்பக் கடலுக்கே போய்க்கொண்டிருக்கிறது! முதல் வருஷ கேடட் சார்ட்டில் இப்படிக் குறித்தால் காதைத் திருகியிருப்பார்கள்.

டர்னர் அந்த நாளில் ஆற்றங்கரையில் நின்று பார்த்தார் என்பதற்கே உறுதியான சான்று கிடையாதாம். செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து வரைந்திருக்கவும் கூடும்.

மறுநாள் காலையில் காபியோடு இதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். மகள் கேட்டாள்: "அவருக்குத் தெரியாமதான் செஞ்சிருப்பாரா?"

அது நல்ல கேள்வி. டர்னருக்குக் கப்பல் தெரியும். 1775இல் லண்டன் கோவென்ட் கார்டனில் பிறந்த முடிதிருத்துகிறவர் மகன். தேம்ஸ் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கடலையும் படகையும் வரைந்து நோட்டுப் புத்தகங்களை நிரப்பியவர். கடைசிக் காலத்தில் செல்சியில் ஆற்றோரமாக ஒரு விதவைப் பெண்மணியின் வீட்டில் குடியிருந்தபோது, அக்கம்பக்கத்தார் அவரை ஓய்வுபெற்ற கடற்படை ஆள் என்று நம்பி 'அட்மிரல் பூத்' என்று கூப்பிட்டார்களாம். பூத் என்பது அந்த அம்மாளின் பெயர்.

இன்னொன்றும் படித்தேன், படித்ததும் எனக்கு ஒரே குஷி. டர்னரைக் கப்பல்காரர்கள் திட்டுவது என்னோடு தொடங்கவில்லை. 1820களில் மன்னர் நான்காம் ஜார்ஜ் கேட்டு டிரஃபால்கர் சண்டையைப் பன்னிரண்டடி அகலத்தில் வரைந்து கொடுத்தார். அரண்மனையில் மாட்டியதும் கடற்படை அதிகாரிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இந்தக் கயிறு இங்கே வராது, அந்தப் பாய் அப்படி விழாது, கப்பல் தண்ணீரில் இவ்வளவு உயரமாக மிதக்காது. அவரும் பதினோரு நாள் அங்கேயே நின்று, ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டுத் திருத்தித் திருத்தி வரைந்தார். அப்படியும் அவர்களுக்குத் திருப்தி வரவில்லை. அந்தப் படம் இப்போது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டவர், பதினைந்து வருஷம் கழித்து டெமரேரை வரையும்போது யார் என்ன சொல்வார்கள் என்று தெரியாமலா இருந்திருப்பார்? தெரிந்தேதான் ஃபனலை முன்னால் வைத்தார். 1845இல் இந்தப் படத்தைச் அச்சுக்காக உலோகத் தகட்டில் வெட்டியபோது வெட்டிய கலைஞர் ஃபனலையும் மரத்தையும் முறையான வரிசைக்கு மாற்றிவிட்டார். அந்தத் திருத்திய அச்சையும் பார்த்தேன். சரியாக இருக்கிறது. சப்பென்றும் இருக்கிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

டர்னரை ரொமாண்டிக் இயக்கத்து ஓவியர் என்கிறார்கள். தமிழில் கற்பனாவாதம் என்று எழுதுகிறார்கள். 'கற்பனை' என்ற சொல் உள்ளே இருப்பதால் ஆகாயத்தில் கோட்டை கட்டுகிறவர்கள் என்ற எண்ணம் வந்துவிடும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒரு ஐம்பது வருஷம், பிரான்ஸில் ஜெரிகோ, டெலக்ருவா, ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக், இங்கிலாந்தில் டர்னர் என்று ஆளுக்கொரு பக்கம் வரைந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது என்று எனக்குப் படுவது இது: கண்ட காட்சி மட்டும் அவர்களுக்குப் போதவில்லை, அதைக் கண்டவனுக்கு உள்ளே என்ன ஆயிற்று என்பதும் படத்தில் வர வேண்டும். அவ்வளவுக்கு மேல் எனக்குத் தியரி தெரியாது.

ஃப்ரீட்ரிக்கின் படம் ஒன்றை ரொம்ப நாளைக்கு முன்பே பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஹாம்பர்க்கில் எங்கள் கப்பல் ரிப்பேருக்காகப் பத்து நாள் நின்றது. ஒருநாள் ஊர் சுற்றப் போனவனை மழை பிடித்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கட்டடம், கதவு திறந்திருந்தது, நுழைந்துவிட்டேன். ஓவியக் கூடம். அங்கே 'பனிக்கடல்' என்ற படம். பனிப் பாளங்கள் உடைந்து, கடப்பைக் கல் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்திட்டு நிற்கின்றன. கப்பல் எங்கே என்று தேடினேன். வலது ஓரத்தில், பாளங்களுக்கு அடியில், நசுங்கிய பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃப்ரீட்ரிக் வடதுருவக் கடலைப் பார்த்ததே இல்லை, 1820-21 குளிர்காலத்தில் டிரெஸ்டனில் எல்ப ஆறு உறைந்து உடைந்தபோது அந்தப் பாளங்களைத்தான் வரைந்து பழகினார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அதே எல்ப ஆற்றில்தான் எங்கள் கப்பல் நின்றுகொண்டிருந்தது. சிறுவயதில் பனி உடைந்து தண்ணீரில் மூழ்கித் தன் தம்பி செத்ததைப் பார்த்தவர் அவர். படத்தை அவர் இருந்தவரை யாரும் வாங்கவில்லை.

சரி, டெமரேருக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேலரிக்குப் போனோம். இந்தத் தடவை பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்தேன். உட்கார்ந்ததும், மகளிடம் ஆலங்கடல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆலங் என்பது குஜராத்தில் கப்பல் உடைக்கும் கடற்கரை. எங்கள் வீட்டில் அதற்கு ஆலங்கடல் என்றே பெயர் ஆகிவிட்டது.

2009இல் சரக்குக் கட்டணம் தரைமட்டமாகக் கிடந்தது. பழைய கப்பல்களையெல்லாம் கம்பெனிகள் இரும்பு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. நான் சீஃப் இன்ஜினியராக இருந்த கப்பல் 1984இல் கட்டிய பல்க் கேரியர், ஆறு சிலிண்டர் ஸ்லோ ஸ்பீடு இன்ஜின். நாலு வருஷம் அதில் விட்டு விட்டு வேலை பார்த்திருக்கிறேன். எந்த பம்ப்புக்கு எந்த நாளில் மூடு சரியில்லை என்று சத்தத்திலேயே தெரியும். விற்றாயிற்று என்று தகவல் வந்தது. பெயரின் முன்பாதி எழுத்துகளை பெயிண்ட் அடித்து மறைத்தார்கள், மிச்சம் இருந்த பாதிதான் புதுப்பெயர். கொடியை இறக்கிவிட்டு, கடைசிப் பயணத்துக்கென்று ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டின் கொடியை ஏற்றினோம். (டர்னர் படத்திலும் டெமரேரில் கடற்படைக் கொடி கிடையாது. இழுவைப் படகின் மரத்தில் வெள்ளையாக ஒன்று பறக்கிறது. அந்தக் கொடிக்கு இனி இந்தக் கப்பல் சொந்தமில்லை என்று ஒரு கவிதை வரியையும் 1839இல் படத்தோடு சேர்த்தே காட்சிக்கு வைத்தார்.)

கம்பாத் வளைகுடாவில் ஓதம் பயங்கரமாக ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் மிக உயரமாக வரும்போது கப்பலைக் கரையைப் பார்த்துத் திருப்பி, முழு வேகத்தில் ஓட்டிச் சேற்றில் ஏற்ற வேண்டும். அதுதான் முறை. கப்பல்காரன் வாழ்க்கை முழுக்க எதைச் செய்யவே கூடாது என்று படித்தானோ அதைச் செய்ய வேண்டும். கடல்தண்ணீர் இழுக்கும் வாயை அடியிலிருந்து மேல் சக்ஷனுக்கு மாற்றினேன், சேறு ஏறி கூலிங் அடைத்துக்கொள்ளும் என்பதால். கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜிலிருந்து, இன்ஜினுக்கு உத்தரவு சொல்லும் டெலிகிராஃப் கருவியில் ஃபுல் அஹெட், முழு வேகம். அதற்கு மேலும் கொடு, கொடு என்று போனில் கேப்டன். இருபத்தைந்து வருஷத்து இன்ஜின், கடைசி நாள், என்ன கொடுத்தாலும் ஓடியது. அப்புறம் ஒரு இழுப்பு. பிரேக் போட்ட மாதிரி இல்லை. மெத்தையில் விழுந்த மாதிரி. தட்டுகள் அதிர்ந்தன, ஒரு ஆயில் டின் உருண்டு போனது. இன்ஜின் மட்டும் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, எங்கேயோ போவதுபோல.

ஃபினிஷ்டு வித் இன்ஜின்ஸ், இன்ஜின் வேலை முடிந்தது என்று டெலிகிராஃப் மணி அடித்தது. நிறுத்தினேன். பிறகு ஜெனரேட்டர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். அந்தக் கப்பலுக்குள் முழு அமைதியை அன்றைக்குத்தான் கேட்டேன். எங்கேயோ தண்ணீர் சொட்டியது. ஒரு பையன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், போலாமா" என்று ரகசியக் குரலில் கேட்டான். பைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். கயிற்று ஏணியில் இறங்கிப் படகில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பின்பக்கம் அடித்த கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் பழைய பெயர் வெல்டிங் எழுத்துகளில் தடித்துத் தெரிந்தது.

"அப்ப சூரியன் மறையுற நேரம்மா. கப்பல் மேல அப்படியே செம்மண் கரைச்சு ஊத்தின மாதிரி..."

"அப்பா, மத்தியானம்" என்றாள் மகள்.

"என்னது?"

"அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னீங்க. உச்சி வெயில்ல தொப்பி இல்லாம படகுல உக்கார வெச்சுட்டாங்க, மண்டையப் பொளக்குதுன்னு. நான்தான் போனை எடுத்தேன். அப்ப நான் எட்டாவது."

இல்லை என்று சாதித்தேன். எனக்குத் தெரியாதா, நான் அல்லவா அங்கே இருந்தேன்? அந்தச் சிவப்பு வெளிச்சம், ஏணியின் நிழல் கப்பல் பக்கவாட்டில் நீளமாக விழுந்தது எல்லாம் கண்ணில் நிற்கிறதே. அவள் மேற்கொண்டு பேசவில்லை. நான் தூத்துக்குடி திரும்பி, பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். 14.40 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் 'தலைவலி' என்றும்.

பதினைந்து வருஷமாக அந்தக் கப்பலுக்கு நான் ஒரு சாயங்காலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! டர்னரையாவது பதினோரு நாள் நிற்கவைத்துத் திட்டக் கடற்படை இருந்தது. எனக்கு எட்டாவது படித்த பிள்ளை ஒருத்திதான்.

அந்தப் பெஞ்சில், தோற்ற கோபத்தோடு, மறுபடி படத்தைப் பார்த்தேன். இப்போது கறுப்புப் படகு மட்டும்தான் கண்ணில் பட்டது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். கம்பீரமான பாய்மரக் காலம் போயிற்று, அழுக்குப் பிடித்த நீராவிக் காலம் வந்து அதைச் சுடுகாட்டுக்கு இழுத்துப் போகிறது. படம் முதலில் காட்சிக்கு வந்தபோதே நாவலாசிரியர் தாக்கரே இழுவைப் படகைக் குட்டிப் பிசாசு என்ற ரீதியில் எழுதிவிட்டார். அது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இது சொந்த விவகாரம். என் தாத்தா தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிற தலைவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்துப் போனவர். நான் மரைன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, "தண்டல் பேரன் அடுப்பெரிக்கப் போறான்" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாக்கரே சொல்வதும் தாத்தா சொன்னதும் ஒன்றேதான். ஆனால் படத்தை வரைந்தவர் அப்படிச் சொல்கிறாரா? உற்றுப் பாருங்கள். பெரிய கப்பல் மெல்லிய புகைபோலப் பூசப்பட்டிருக்கிறது. படகுக்குத்தான் கனம் இருக்கிறது. சக்கரம் தண்ணீரைக் கிளறும் இடத்தில் நுரை, ஃபனல் வாயில் கனல், அந்தக் கனலின் நிறமும் சூரியனின் நிறமும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை. (ஃபனலில் தீ தெரிந்தால் உள்ளே கரி சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஃபயர்மேன் அவசரத்தில் அள்ளிப் போட்டிருக்கிறான். அதையும் நான் மகளிடம் சொன்னேன்.) ஃபனலை முறையான இடத்தில் வைத்திருந்தால் முன்னால் ஒரு மரக்குச்சி நின்றிருக்கும், நெருப்பு அதன் பின்னால் ஒளிந்திருக்கும். அவருக்கு நெருப்பு முதலில் வர வேண்டியிருந்தது. ஒரு வயசாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற பையன் மாதிரிதான் அந்தப் படகு எனக்குத் தெரிகிறது. படகில் கீழே இரண்டு பேர் வேர்த்து விறுவிறுத்துக் கரி அள்ளிக்கொண்டிருப்பார்கள், வெளியே என்ன நிறத்தில் சூரியன் மறைகிறது என்றே தெரியாமல்.

டர்னருக்கு நீராவி பிடிக்கும் என்பதற்குச் சாட்சி அதே கேலரியில் இருக்கிறது. 1844இல் வரைந்த 'மழை, நீராவி, வேகம்'. மெய்டன்ஹெட் ஊரில் பொறியாளர் இசம்பார்ட் புரூனல் கட்டிய செங்கல் பாலத்தின் மேல், மழைக்குள்ளிருந்து ரயில் வருகிறது. தண்டவாளத்தில் அதற்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது. முயல் மங்கிப்போய்விட்டது, காட்டித் தந்தால்தான் தெரியும். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயசு. அந்த வயசில் புது இயந்திரத்தின் மேல் ஆசைப்பட்டு எதிரே போய் நிற்கிற ஆளை எப்படிப் பழைய காலத்துக்கு அழுகிறவர் என்று சொல்வது?

அதைவிட எனக்குப் பிடித்தது லண்டனின் இன்னொரு ஓவியக் கூடமான டேட் பிரிட்டனில் இருக்கும் 1842ஆம் வருஷப் படம், பனிப்புயலில் ஒரு நீராவிக் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே தத்தளிக்கிறது. முதலில் பார்த்தால் ஒன்றும் புரியாது. சாம்பலும் வெள்ளையும் சுழன்றுகொண்டு, நடுவில் கறுப்பாக ஏதோ. நடுவில் ஒரு துடுப்புச் சக்கரமும் வளைந்த புகையும் மெதுவாகத்தான் கண்ணுக்குப் பிடிபடும். சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று யாரோ விமர்சித்திருக்கிறார்கள். டர்னர் மனசு நொந்து, இவர்கள் கடலை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே போய் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்றாராம். புயலைப் பார்க்கத் தன்னை மரத்தில் கட்டிவைக்கச் சொல்லி நாலு மணி நேரம் நின்றதாகவும் சொல்லியிருக்கிறார். இதையும் யாரும் அவ்வளவாக நம்புவதில்லை. படத்தின் தலைப்பில் அவர் சொல்லும் ஏரியல் என்ற கப்பல் ஹார்விச்சிலிருந்து அப்படிக் கிளம்பியதற்கான பதிவும் கிடைக்கவில்லையாம்.

நான் நம்புகிறேன். மரத்தில் கட்டியதை இல்லை, படத்தை. பிஸ்கே வளைகுடாவில் ஒரு ராத்திரி இரண்டு நிமிஷம் டெக்குக்கு வந்து எட்டிப் பார்த்தேன், இப்படித்தான் இருந்தது. எது தண்ணீர், எது வானம், எந்தப் பக்கம் மேல் என்றே தெரியவில்லை. பொதுவாக இன்ஜின் ரூம்காரனுக்குப் புயலைப் பார்க்கக் கொடுத்து வைக்காது. கப்பலின் பின்பக்கம் அலையில் தூக்கப்பட்டு புரொப்பல்லர் காற்றில் சுற்றும்போது இன்ஜின் ஒரு ஓலம் போடும், அதுதான் எங்களுக்குப் புயல். துடுப்புச் சக்கரக் கப்பலில் இது இன்னும் மோசம். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கச் சக்கரம் முழுக்க முங்கித் திணறும், மறுபக்கச் சக்கரம் வெறும் காற்றில் சுழலும், அடுத்த நொடி தலைகீழாக மாறும். டர்னர் படத்தில் அந்தக் கறுப்புக் குழப்பத்துக்கு அடியில் எவனோ ஒருத்தன் கையில் நீராவி வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். வரைந்தவருக்கும் தெரிந்திருக்கும், நடுவில் இன்ஜினைத்தானே வைத்திருக்கிறார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ராதர்ஹித் போனோம். டெமரேர் உடைபட்ட இடம். ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கத்தில் ரயில் போகிறது. அந்தச் சுரங்கம் இசம்பார்ட்டின் அப்பா மார்க் புரூனல் கட்டியது, 1825இல் தொடங்கி 1843இல்தான் திறந்தார்கள். அப்படியானால் மேலே டெமரேரை இழுத்து வந்த அன்றைக்கு, கீழே ஆற்றின் அடியில் ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இதை யாராவது வரைந்திருக்கலாம்.

டெமரேரின் ஓக் மரத்தில் செய்த நாற்காலிகள் இங்கே செயின்ட் மேரி தேவாலயத்தில் இருக்கின்றன என்று படித்திருந்தேன். ஆலங்கிலும் அப்படித்தான், சாலையின் இரண்டு பக்கமும் கடைகள், கப்பலிலிருந்து கழற்றிய கட்டில், மேஜை, கப் சாஸர் எல்லாம் விற்பார்கள். நாங்கள் போன நேரத்துக்குத் தேவாலயம் பூட்டியிருந்தது. நாற்காலி கிடைக்கவில்லை. சந்துக்குள் புகுந்து ஆற்றங்கரைக்கு வந்து நின்றோம்.

ஓதம் இறங்கும் வற்றம் தொடங்கியிருந்தது. கரையோரம் சேறு தெரிந்தது, பழைய வாசனை. இடது பக்கம், ஆற்றின் மேல்பக்கம், கட்டடங்களுக்கு நடுவே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? வலப்பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வந்தா, சூரியன் நேரா மூஞ்சியிலதான். பைலட்டுக்குக் கண்ணு கூசியிருக்கும்" என்றேன்.

"சரிப்பா."

அப்போது மேல்பக்கத்திலிருந்து ஒரு டக், இந்தக் காலத்து இழுவைப் படகு, வந்தது. பின்னால் குப்பைக் கன்டெய்னர்கள் ஏற்றிய பார்ஜ்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி. வற்றத்தோடு கீழே, கிழக்கே, கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சூரியன் அதற்கு நேர் பின்னால். தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். கன்டெய்னர்களின் ஓரம்கூட மின்னியது. இரண்டு பேரும் அது வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஃபனல் எங்க இருக்குப்பா?" என்று கேட்டாள்.

"பின்னாலதான்" என்றேன்.